படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது

பூங்கோதை அதுவரை ஏழு கீபோர்டு வாங்கிவிட்டாள். ஏழும் சொந்தச் செலவு. மணலோடை குற்றவியல் நீதிமன்றத்தில் தட்டச்சருக்குக் கை வலித்தால் அது தட்டச்சரின் தலையெழுத்து. அரசாங்கம் கொடுத்தது ஒரு கறுப்பு விசைப்பலகை. அதில் ‘ழ’ விசையை ஓங்கிக் குத்தினால்தான் விழும். ‘ழ’ இல்லாமல் கோர்ட்டில் என்னத்தை எழுதுவது? வழக்கு என்ற சொல்லைக்கூட எழுத முடியாதே!

முதலில் வாங்கியது நடுவில் பிளந்து இரண்டாக நிற்கும் வகை. இரண்டு பாதிக்கும் நடுவே காப்பி டம்ளர் வைக்கலாம், அவ்வளவுதான் அதனால் ஆன பயன். அடுத்தது கூரை மாதிரி இருபக்கமும் சரிந்தது. அதில் மணிக்கட்டு வலி குறைந்து தோள்பட்டைக்கு ஏறியது. ஒன்று ரப்பர் போல மெத்தென்று இருந்தது. அழுத்தினோமா இல்லையா என்று விரலுக்கே சந்தேகம் வந்து, ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை அழுத்தி, வலியும் இரண்டு மடங்கானது. மரக் கைதாங்கி வைத்த ஒன்றை மட்டும் மூன்று மாதம் வைத்திருந்தாள். ஐப்பசி மழையில் நீதிமன்றக் கூரை அதன் மேலேயே ஒழுகித் தொலைத்தது.

“பொண்ணு பாக்கறதுக்குக்கூட நான் ரெண்டு வீட்டுக்குத்தான் போனேன்,” என்றான் அவள் கணவன் தனசேகர். மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறை வைத்திருப்பவன். “நீ என்னடான்னா ஏழாவது கீபோர்டு பாக்கற.”

“உங்களுக்கு ரெண்டாவது வீட்டுலயே அமைஞ்சிருச்சு. எனக்கு ஏழுலயும் அமையலையே, நான் என்ன பண்றது?”

பேச்சு விளையாட்டுதான். வலி விளையாட்டாக இல்லை. தோசை மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை. ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் கட்டைவிரலில் இருந்து முழங்கை வரை சுரீர் என்று ஏறும். மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது, கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். “நீங்க ரிட்டயர் ஆகற வரைக்கும்,” என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அதற்கு இன்னும் பதின்மூன்று வருடம் இருந்தது.

சம்மன் எல்லாம் போனுக்கே வந்துவிடும் காலத்தில் கோர்ட்டில் இன்னும் தட்டச்சர் எதற்கு என்று கேட்கலாம். பேச்சைக் கேட்டுத் தானாகவே எழுதும் பொறியை ஒரு வருடம் போட்டுப் பார்க்கத்தான் செய்தார்கள். மணலோடைச் சனங்கள் பேசுவது அதற்குப் பிடிபடவில்லை. ஆட்டைத் திருடினான் என்று சாட்சி சொன்னால் ஆட்டோவைத் திருடினான் என்று எழுதியது. மேலிடத்தில் கோபம் வந்து, சாட்சியம் என்றால் மனிதர் காதால் கேட்டு மனிதர் கையால்தான் எழுத வேண்டும் என்று விதி போட்டார்கள். மனிதர் கை என்றால் பூங்கோதையின் கை. சாட்சி கொச்சையாகச் சொல்வதைக் கேட்டு எழுத்துத் தமிழில் சுத்தமாக இறக்குவதில் அந்த மாவட்டத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நீதித்துறை நடுவரே வரி வரியாகச் சொல்லித்தர வேண்டியதை, “பூங்கோதைம்மா, நீங்களே போட்டுக்குங்க,” என்று விட்டுவிடுவார்.

அப்புறம்தான் ‘இதம்’ வந்தது.

விதி மீறாமல் கைக்கு உதவி செய்யும் விசைப்பலகை என்று மேலிடம் எல்லா நீதிமன்றத்துக்கும் அனுப்பியது. கம்பெனி சார்பில் ஹரீஷ் என்ற பொறியாளர் வந்து மேசையில் பொருத்தினார். உள்ளங்கை உட்காரும் அளவுக்கு இரண்டு குழிகள், சுற்றிலும் விசைகள். மணிக்கட்டில் மெல்லிய பட்டை ஒன்று.

“இதுல நீங்க அழுத்தவே வேண்டாம் மேடம்,” என்றார் அவர். “விரல் அசையறதுக்கு முன்னாடி தசைக்கு ஒரு தகவல் போகும் இல்லையா, பட்டை அத பிடிச்சுக்கும். நீங்க ‘நீதி’ன்னு நினைச்சு விரலைத் திருப்பினாலே போதும், ‘நீதிமன்றத்தில்’ வரைக்கும் அதுவே முடிச்சிடும்.”

“நான் ‘நீதிபதி’ன்னு நினைச்சிருந்தா?”

“அப்ப மட்டும் நீங்க விசையை அழுத்தணும், பழைய பலகை மாதிரி. ஆனா அந்த வேலை ரொம்ப வராது. பத்துக்கு ஒன்பது தடவை அதுக்குத் தெரிஞ்சிடும்.”

முதல் நாள் அவள் ஒன்பது சாட்சியம் இறக்கினாள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் நினைவு வந்தது: கை வலிக்கவில்லை. வலது கையை இடது கையால் அமுக்கிப் பார்த்தாள். இல்லை. பஸ் ஸ்டாண்டில், பூக்காரிக்கும் கரும்பு ஜூஸ் கடைக்கும் நடுவே நின்றபடி, நாற்பத்தேழு வயதுக்காரி தேம்பித் தேம்பி அழுதாள். பூக்காரி பயந்துபோய் யார் செத்தது என்று கேட்டாள்.

மறுநாள் அம்மியில் சட்னி அரைத்தாள். மிக்ஸி இருக்கும்போதே அரைத்தாள், திமிருக்கு. பழைய ஏழு கீபோர்டையும் சாக்கில் கட்டித் தனசேகரின் பட்டறைப் பரணில் போட்டாள். எட்டு மாதம் அவள் வாழ்க்கையில் கை என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. வலிக்காத உறுப்பை யார் நினைக்கிறார்கள்?

இந்த இடத்தில் அவளுடைய வேலைமுறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. சாட்சியம் முடிந்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். சாட்சி ஆமாம் என்றால், ‘படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்று கடைசி வரி அடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். சட்டம் அப்படி. நீதிமன்றக் கூடத்தில் ஒரு நாளைக்கு அறுபது வழக்கு. வாசலில் ஜாமீன் மனுக்காரர்கள், உள்ளே வாய்தா கேட்கும் வக்கீல்கள். யாருக்குப் படித்துக் காட்ட நேரம்? ஆகவே பூங்கோதை காலையில் வந்ததும் அன்றைய சாட்சிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் திறந்து, மேலே பெயரும் கீழே அந்தக் கடைசி வரியும் போட்டுத் தயாராக வைத்துவிடுவாள். சாட்சி வாயைத் திறக்கும் முன்பே அவர் சொல்லப்போவது படித்துக் காட்டப்பட்டு, ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும். நடுவுக்கு மட்டும்தான் ஆள் வேண்டும். அவளிடம் வேலை கற்ற பக்கத்து நீதிமன்றத்து எஸ்தரும் அப்படியேதான் செய்தாள். எல்லாரும் அப்படித்தான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, சோம்பல்கூடக் கிடையாது. வேலை ஓட வேண்டும், அவ்வளவுதான்.

பாவாயி கூண்டில் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை. ஐம்பது வயதிருக்கும், பஞ்சு மில்லில் கூட்டிப் பெருக்கும் வேலை. அதே மில்லில் மிஷினில் நின்ற அவள் மகள் கவிப்பிரியாவும் இன்னும் நான்கு பெண்களும் தீயில் செத்துப்போனார்கள். மில் முதலாளி கவனக்குறைவாக இருந்தாரா என்பது வழக்கு. பின்கதவு வெளியே பூட்டியிருந்தது என்று போலீசிடம் ஏழு பேர் சொல்லியிருந்தார்கள். கோர்ட்டுக்கு வந்தபோது ஆறு பேருக்கு ஞாபக மறதி வந்துவிட்டது. மிச்சம் பாவாயி.

“பின்னாடி கதவு எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டார் அரசு வக்கீல்.

“பூட்டியிருந்துச்சுங். வெளிய பூட்டுத் தொங்குச்சு. உள்ளார புள்ளைக கத்துதுக. நான் கல்லெடுத்து அந்தப் பூட்ட அடிச்சனுங், அடிச்சனுங்... ஒடையவே இல்லீங்.” வலது கையைத் தூக்கிக் காட்டினாள். சுண்டுவிரல் கோணலாக ஒட்டியிருந்தது.

பூங்கோதை விரலைத் திருப்பினாள். ‘பின்கதவு வெளிப்புறம் பூட்டி’ வரை போயிருப்பாள். இதம் அதை வாங்கி முடித்தது. திரையில் இப்படி நின்றது: பின்கதவு வெளிப்புறம் பூட்டியிருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பின்னால் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நன்றாகவே பார்த்தாள். உடனே அழிக்கும் விசையை அழுத்தினாள். எட்டு மாதமாக அழுத்தியே பழக்கமில்லாத கை. கட்டைவிரலில் இருந்து பழைய சுரீர் கிளம்பி முழங்கைக்கு ஏறியது. நான்கு எழுத்துதான் அழிந்தது. விரல் மறுபடி குழிக்குள் இறங்கியதும் இதம் அதே நான்கு எழுத்தை அதே இடத்தில் பதவிசாக வைத்தது. இரண்டாம் தடவை. மறுபடி வலி, மறுபடி ‘தெரியாது’. அதற்குள் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணையைத் தொடங்கிவிட்டார். பாவாயி கல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கல் எந்த வரியிலும் ஏறவில்லை.

படித்துக் காட்டும்போது திருத்திக்கொள்ளலாம் என்று பூங்கோதை நினைத்தாள். இருபத்திரண்டு வருடமாக யாருக்கும் படித்துக் காட்டாதவள் நினைத்தாள்!

சாட்சி முடிந்தபோது மணி ஒன்றேகால். நடுவர் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். கடைசி வரி காலையிலேயே உட்கார்ந்திருந்தது. பிரிண்டர் இரண்டு தாளைத் துப்பியது. “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா,” என்றாள் பூங்கோதை. பாவாயி கோணல் விரலோடு பேனாவைப் பிடித்து, தெரிந்த மூன்று எழுத்தை எழுதிவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மூன்று மாதம் கழித்து முதலாளி விடுதலையானார். பின்கதவு பூட்டியிருந்ததாக அரசுத் தரப்பில் ஒரு சாட்சிகூடச் சொல்லவில்லை, இறந்தவரின் தாயே தெரியாது என்று கூறிவிட்டார் என்று தீர்ப்பில் இருந்தது. நடுவர் நல்லவர்தான். ஒரு நாளைக்கு அறுபது வழக்குக் கேட்கும் மனிதருக்கு மூன்று மாதத்துக்கு முந்திய ஒரு தாயின் சுண்டுவிரல் நினைவிருக்குமா? காகிதத்தில் இருப்பதுதான் நடந்தது.

தீர்ப்பு வந்த வாரமே பாவாயி தன் சாட்சியத்தின் நகலோடு வந்து பூங்கோதையின் மேசை முன்னால் நின்றாள்.

“ஏனுங் அம்மிணி, நான் சொன்னது இதுல இல்லீங்களாமா. பேப்பர் கடைத் தம்பி படிச்சுச் சொன்னான். பூட்டு இல்ல, கல்லு இல்ல, ஒண்ணுமில்ல.”

“நீங்க என்ன சொன்னீங்களோ அதத்தாம்மா அடிச்சேன்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இதம் பலகையே சொன்ன மாதிரி இருந்தது.

“நான் தெரியாதுன்னா சொன்னேன்?” பாவாயிக்குக் கோபம்கூட வரவில்லை, குழப்பம்தான். “எங்க வளவுல, அக்கம்பக்கமெல்லாம் கேக்கறாங்க அம்மிணி. ஏன் பாவாயி, கடைசி நேரத்துல பயந்துட்டியா, பெத்த புள்ளயவிட உசுரு பெருசாப் போச்சான்னு. மத்த நாலு புள்ளைகளோட ஆத்தாளுகளும் எங்கூடப் பேசறதில்ல. ஒருவேளை நான்தான் வாய் தவறிச் சொல்லிப்போட்டனோன்னு எனக்கே ஆகிப்போச்சுங். நீங்க கேட்டீங்கல்ல? சொல்லுங் அம்மிணி, நான் என்ன சொன்னேன்?”

பூங்கோதை மேசையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள். பாவாயி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஹரீஷுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் பதறவில்லை. பதறியிருந்தால் தேவலை.

“இதம் பொய் சொல்லாது மேடம். முப்பது வருஷத்துச் சாட்சியம் முழுக்க அதுக்குள்ள இருக்கு. தீ விபத்து, மில்லு, பூட்டுன்னு வந்தா, அந்த இடத்துல சாட்சிங்க அதிகமா என்ன சொல்லியிருக்காங்களோ அத நோக்கிக் கையைக் கொண்டுபோகும். தொண்ணூறு சதவீதம் பேர் ‘தெரியாது’ன்னுதான் சொல்லியிருப்பாங்க.”

“பயந்து சொல்லியிருப்பாங்க, தம்பி.”

“அது எனக்கு எப்படி மேடம் தெரியும்? எழுத்துல பயம்னு இல்லையே. தெரியாதுன்னுதான இருக்கு.”

“அப்ப ஒருத்தி பயப்படாம சொன்னா?”

“நீங்க விசையை அழுத்திப் போடணும். போடலாமே, யாரு தடுத்தா?”

யாரும் தடுக்கவில்லைதான். வலித்தது, அவ்வளவுதான். அந்த முப்பது வருடத்தில், மணலோடைச் சாட்சியம் இருபத்திரண்டு வருடம் அவள் கையால் அடித்தது. தெரியாது, பார்க்கவில்லை, கவனிக்கவில்லை, நினைவில்லை. கூண்டில் நின்று எச்சில் விழுங்கியவர்களின் பயத்தை எல்லாம் வருடக்கணக்கில் சுத்தமான தமிழில் அடித்து அடுக்கியது அவள். அதைப் படித்துத் தேறிய பலகைதான் இப்போது பயப்படாதவளுக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருக்கிறது.

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு நடுவரின் அறைக்குப் போய், பாவாயி சொன்னது இது, திரையில் வந்தது இது, நான் பார்த்தும் விட்டுவிட்டேன் என்று சொன்னாள். நடுவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“பூங்கோதைம்மா, இத மேல அனுப்பினா முதல்ல உங்க வேலைதான் போகும். தெரியும்ல?”

“தெரியுங்க ஐயா. நான் சொன்னது துறை விசாரணையில பதிவாயிட்டா, அந்தம்மாவ மறுபடி சாட்சி விசாரிக்க மேல்முறையீட்டுல கேக்கலாம்னு அரசு வக்கீல் சொல்றார். அவங்க தெரியாதுன்னு சொல்லலைங்கற எழுத்து ஒண்ணு வேணும். அத நான்தான் குடுக்க முடியும்.”

வீட்டில் தனசேகர் குதித்தான். “எல்லாரும் சும்மா இருக்காங்க, உனக்கு மட்டும் என்ன? பலகை பண்ணுச்சுன்னு சொல்லிட்டுப் போ. நான் பார்த்தேன், கை வலிச்சுது, விட்டுட்டேன்னு எவளாவது தானா எழுதிக் குடுப்பாளா?”

“அதுதானே நடந்துச்சு.”

“நடந்தத எல்லாம் சொல்லிட்டிருக்க முடியுமா, லூசு!” என்று கத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெந்நீரில் உப்புப் போட்டு எடுத்துவந்து அவள் கை முன்னால் வைத்தான். அவன் அப்படித்தான்.

விசாரணை மாவட்டத் தலைமையிடத்தில் நடந்தது. விசாரணை அதிகாரி மேசைக்குப் பக்கத்தில் இதம் பலகையோடு ஒரு தட்டச்சர். எஸ்தர்! அவளைத்தான் அங்கே மாற்றியிருந்தார்கள். அக்கா என்று கண்ணாலேயே சிரித்தாள்.

“நான் சொல்லி அவங்க அடிக்க வேண்டாங்க சார்,” என்றாள் பூங்கோதை. “என் கையால எழுதித் தர்றேன். பேனாவுல.”

அதிகாரி அவளை விநோதமாகப் பார்த்தார். விதியில் தடை எதுவும் இல்லை. நான்கு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் அவள் இவ்வளவு எழுதியதே இல்லை. முதல் பத்தியிலேயே கை பிடித்துக்கொண்டது. பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகி எழுதினாள். அப்புறம் முஷ்டியில் பிடித்து எழுதினாள். எழுத்து சாய்ந்தது, வரி மலை ஏறி இறங்கியது. ‘பாவாயி என்ற சாட்சி பின்கதவு வெளியே பூட்டியிருந்தது என்றும், தான் கல்லால் அடித்தும் உடையவில்லை என்றும் தெளிவாகச் சொன்னார். நான் காதால் கேட்டேன். திரையில் தவறாக வந்ததை அப்போதே பார்த்தேன். கை வலித்ததால் திருத்தவில்லை. படித்துக் காட்டவும் இல்லை.’ ஒவ்வொரு எழுத்துக்கும் சுரீர். வலிக்கட்டும், நல்லா வலிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒன்றே முக்கால் மணி நேரம். கடைசியில் வரிக்கு வரி தானே சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தபோது விரல்கள் மடங்க மறுத்தன. மனசு மட்டும் பஸ் ஸ்டாண்டில் அழுத அன்றைக்கு இருந்த மாதிரி லேசாக இருந்தது.

நேராகப் பாவாயி வீட்டுக்குப் போனாள். நடந்ததை எல்லாம் சொல்லி, அன்று மேசை முன்னால் பொய் சொன்னதையும் சொன்னாள். பாவாயி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். பாவாயி அவளுடைய வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “அப்ப நான் சொன்னது சொன்னதுதானுங்களே?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நகல் வந்ததும் படித்துக் காட்டுங்கள், மற்ற நான்கு பெண்களின் ஆத்தாள்களையும் கூட்டிவந்து உட்கார வைக்கிறேன் என்றாள்.

நகல் வர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் பூங்கோதையைக் கூடத்தில் இருந்து பதிவறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தட்டச்சு வேலையே இல்லை, தூசிதான்.

உறையைப் பிரித்தாள். தட்டச்சு செய்த ஒன்றரைப் பக்கம். மேலே சின்னதாக ஒரு குறிப்பு: கையெழுத்து தெளிவாக இல்லாததால் தட்டச்சுப் படி கோப்பில் சேர்க்கப்பட்டு, மூலப்படி அழிக்கப்பட்டது. அதற்குக் கீழே அவள் வாக்குமூலம்.

சாட்சி பாவாயி பின்கதவு குறித்து என்ன கூறினார் என்பது தற்போது என் நினைவில் இல்லை. திரையில் தவறாக ஏதும் வந்ததா என்பது எனக்குத் தெரியாது. விசைப்பலகையில் குறை எதையும் நான் கவனிக்கவில்லை. படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒப்பம், க. பூங்கோதை.

இரண்டு தடவை படித்தாள். விசாரணைக்கு வந்த அரசு ஊழியர்கள் இத்தனை வருடமாக என்ன சொன்னார்களோ, அதேதான். அழகான தமிழ். ஒரு பிழைகூட இல்லை.

எஸ்தருக்குப் போன் செய்தாள்.

“உங்க எழுத்து எனக்குப் பாதிக்கு மேல புரியலக்கா,” என்றாள் எஸ்தர். “முதல் ரெண்டு வார்த்தை போட்டேன், மிச்சம் அதுவே போட்டுக்கிச்சு. அன்னைக்கு மட்டும் இருபத்தெட்டு ஃபைல்க்கா, நான் திரும்பிப் பார்க்கல.”

“கடைசி வரி? அது நான் எழுதவே இல்லையேடி.”

“அது காலையிலயே போட்டு வச்சதுக்கா. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?” பிறகு, தயங்கித் தயங்கி, “அக்கா, திருத்தணும்னு மனு போட்டுடாதீங்க. எனக்கும் இப்ப கை ஆரம்பிச்சிருக்கு. இந்தப் பலகையும் இல்லைன்னா நான் செத்தேன்,” என்றாள்.

திட்ட வேண்டும் என்றுதான் பூங்கோதைக்கு வாய் வந்தது. யாரைத் திட்டுவது? போனை வைத்துவிட்டாள்.

சொன்ன நாளில் பாவாயி பூங்கோதையின் வீட்டு வாசலில் நின்றாள். மற்ற நான்கு ஆத்தாள்களும் வரவில்லை. ஒருத்தி மட்டும் வருவதாகச் சொன்னாளாம், அவளும் கடைசியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். “நீங்க படிச்சுக் காட்டுங் அம்மிணி, நான் போய் அவுங்களுக்குச் சொல்லிக்கறேன்,” என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். புதுசாகத் தலை வாரி, பூ வைக்காமல், நல்ல சேலை கட்டி வந்திருந்தாள்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தான் எழுதியதை மனசில் இருந்தே சொல்லிவிடலாமா என்று பூங்கோதை நினைத்தாள். வரி வரியாக நினைவிருந்தது. பாவாயிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. சந்தோஷமாகப் போயிருப்பாள், பேப்பர் கடைத் தம்பியிடம் நகலை நீட்டும் வரைக்கும்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு சாட்சிக்குப் படித்துக் காட்டினாள். இருந்தது இருந்தபடி, கடைசி வரி வரைக்கும்.

பாவாயி அசையாமல் கேட்டாள். முடிந்த பிறகும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, உள்ளறையில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“உங்களயும் பயமுறுத்திப்போட்டாங்களா கண்ணு?”

“இல்லீங்கம்மா. நான் அப்படி எழுதல. சத்தியமா நான் அப்படி எழுதல.”

பாவாயி மெதுவாகத் தலையாட்டினாள். கோணல் விரலால் சேலை மடிப்பை நீவி விட்டுக்கொண்டு எழுந்தாள்.

“நானும் அப்படித்தானுங் அம்மிணி சொன்னேன்,” என்றாள். “ஆரும் நம்புல.”